நெஞ்சின்மேல் அமர்வது யார்?

நள்ளிரவில் விழிப்பு வருகிறது. கண்கள் திறந்திருக்கின்றன, கைகால்கள் அசையவில்லை. மார்பின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போன்ற பாரம். அருகில் படுத்திருப்பவரை அழைக்கவும் குரல் எழுவதில்லை. இதனை நம் ஊர்களில் ‘அமுக்குவான் பேய்’ என்பர்.

இலத்தீன் மொழியில் இப்பேய்க்கு ‘இன்குபஸ்’ என்று பெயர். மேலே படுத்தலைக் குறிக்கும் ‘இன்குபாரே’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. கோழி அடைகாப்பதையும் அவ்வினையாலேயே குறித்தனர். குறைமாதக் குழந்தைகளை வெதுவெதுப்பில் வைத்துக் காக்கும் ‘இன்குபேட்டர்’ கருவியின் பெயரும் அதே வேரினது. அச்சுறுத்தும் பேயும் உயிர்காக்கும் பெட்டியும் ஒரு குடும்பத்துச் சொற்கள்!

ஆங்கிலத்தின் ‘நைட்மேர்’ என்பதில் உள்ள ‘மேர்’ பெண்குதிரை அன்று. உறங்குவோரை அழுத்தும் ஆவிக்கு வழங்கிய பழஞ்சொல். பிரெஞ்சு மொழியின் ‘கோஷ்மார்’ என்பதிலும் பின்பாதி அந்த ஆவியே. முன்பாதி மிதித்து அழுத்துதலைக் குறிக்கும். தொடர்பற்ற மொழிகளும் அழுத்தத்தையே பெயராக்கியதற்குக் காரணம், மனித உடல் எங்கும் ஒன்றாயிருப்பதே.

கனவு காணும் உறக்கத்தில் மூளை நம் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. கனவில் ஓடினாலும் கால்கள் ஓடாதிருப்பது அதனால்தான். சில வேளைகளில் அத்தளர்ச்சி நீங்குமுன் அறிவு விழித்துக்கொள்கிறது. விலாத் தசைகள் தளர்ந்திருப்பதால் மூச்சு முட்டுவதாகத் தோன்றும். ஆயினும் உதரவிதானம் இயங்கிக்கொண்டே இருப்பதால் மூச்சு நிற்பதில்லை. சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ யாவும் தானே சரியாகிவிடும். எஞ்சிய கனவுதான் அறையில் உருவமாகத் தெரிகிறது.

1753-இல் ஜான் பாண்ட் என்னும் மருத்துவர் இன்குபஸ் பற்றி ஒரு நூலே எழுதினார். அவரும் இதனால் வருந்தியவர். மல்லாந்து உறங்குவோரையே இது பற்றுகிறது என அவர் கண்டது இன்றும் பெரும்பாலும் பொருந்தும்.

உறக்கம் கெடுவோர்க்கு இது எளிதில் நேரும். நோயாளியின் கட்டிலருகே பாய் விரித்து, விட்டுவிட்டு உறங்கும் உறவினர்க்கும் நேரலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டுவதில்லை. அப்பொழுது எழுந்துவிட முழு உடலோடும் போராடாமல், ஒரு விரலை மட்டும் அசைக்க முயலலாம். பக்கவாட்டில் படுப்பதும் நேரத்தோடு உறங்குவதும் நலம்.

அடிக்கடி நேர்ந்தாலோ, பகலில் அடக்கவியலாத தூக்கம் வந்தாலோ, குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வந்தாலோ மருத்துவரிடம் கூறுங்கள். நன்கு விழித்தபின்னும் ஒரு கையோ காலோ முகத்தின் ஒரு பக்கமோ செயலற்றிருந்தால் அது வேறு, பக்கவாதமாக இருக்கலாம். விடியும்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.