பூமி வடிகட்டிவிடும் என்னும் பொல்லாத நம்பிக்கை

குன்னத்தூரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், உரக்கடை வாசலிலும் ஒரே வாக்கியத்தை எண்ணற்ற தடவை கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனமையால், மண் பரிசோதனைச் சாலையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த நான் இனியும் வாய்மூடி இருப்பது தர்மமன்று என்று இதை எழுதத் துணிந்தேன். "நம்ம தோட்டத்துத் தண்ணியென்ன சாயத்தண்ணியாங்க? வழிஞ்சு போனாலும் பூமி வடிகட்டிப் போடுமுங்க" என்பதே அவ்வாக்கியம். சொல்லுகிறவர் விவரம் அறியாதவரும் அல்லர். மகனைத் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்த விட்டுவிட்டு, மஞ்சள் விலையை ஈரோட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பவர்.

வேறெந்தச் சீமையில் இவ்விதம் பேசினாலும் மன்னித்துவிடலாம். நொய்யல் பாயும் ஜில்லாவில் பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாக மாறி, அதைத் திறக்காதீர்கள் என்று பாசனக்காரர்களே மன்றாடும் விபரீதம் நேர்ந்து, ஆயக்கட்டுதாரர்கள் 2003-இல் தொடுத்த வழக்கின்மேல் 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் கண்டிப்பாகக் கட்டளையிட்டு, அதை 2009-இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்து, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும்படி ஆயிற்றே, அந்தச் சரித்திரம் முழுவதும் எதற்குச் சாட்சி? பூமிக்கு அப்படியொரு வல்லமை இருந்திருந்தால், தேங்கிய சாயநீர் அத்தனை அடி மண்ணையும் ஊடுருவிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பாக ஏறியிருக்குமா?

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் டீக்கடைப் பெஞ்சிலேயே பரீட்சை செய்து காட்டினேன். அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் துணி விரித்து, பக்கத்துக் காட்டுச் செம்மண்ணை நிறைத்து, ஒரு கை கல்லுப்புக் கரைத்த கலங்கல் நீரை ஊற்றிவைத்தோம். நேரம் கழித்துக் கீழே டம்ளரில் சொட்டியது, பார்வைக்குத் தெளிந்த ஜலந்தான். நாக்கில் வைத்துப் பார்த்த நண்பர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலில் போய்த் துப்பினார். அப்போதும், "உப்பு வேறுங்க, உரம் வேறுங்க" என்றார்.

இந்த விஷயத்தில் வேறல்ல. மண் கலங்கலைத் தடுக்கும், கிருமிகளில் பலவற்றையும் தடுக்கும்; நீரில் கரைந்துவிட்ட எல்லாவற்றையும் தடுக்காது. யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைட்ரஜன். அது மண்ணில் சில நாட்களில் அம்மோனியமாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. களிமண் துகளின்மேல் இருப்பதும் நைட்ரேட்டில் இருப்பதும் ஒரே ஜாதி மின்சாரமாகையால், ஒன்றையொன்று தள்ளுமேயன்றி ஒட்டாது. வேர் உண்டதுபோக மிச்சம், பாயும் தண்ணீரோடு சேர்ந்து கிணற்றுக்கு இறங்கிவிடும். உரத்தை வீசிய கையோடு வரப்பு வழியப் பாய்ச்சுகிறவர் பயிருக்கு உரமிடவில்லை, அண்டைவீட்டாரின் கிணற்றுக்கு இடுகிறார். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாதென்பது நம் தேசத்து அளவு. ஐரோப்பியர் 50 என்று வைத்துக்கொண்டார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாசன நீருக்கு வகுத்த பட்டியலிலோ மின்கடத்துதிறன், போரான் முதலியவை உண்டு, நைட்ரேட் இல்லை. பாசனத்துக்குத் தேறிய தண்ணீர் குழந்தையின் பால்புட்டிக்கும் தேறும் என்று அதனால் ஆகிவிடாது. நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே கிணறு.

இன்னொரு வேடிக்கை. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக்கூடாது, கசிவுநீர் நின்றால் எங்கள் கிணறுகள் வற்றும் என்று நம்மவர்கள் வாதாடினார்கள், நியாயமான வாதம். ஆனால் வாய்க்கால் தண்ணீர் மண்ணைத் துளைத்து வெகுதூரத்துக் கிணற்றுக்கு வந்து சேரும் என்று காலையில் சொல்லுகிறவர், தம் தோட்டத்து உரத்தண்ணீர் மட்டும் மண்ணுக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும் என்று சாயங்காலம் சொல்லுவது எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் சேர்ந்தது?

"விவசாயிக்குச் சட்டம் கிடையாது" என்பதும் பாதிப் பொய். பட்டறைக்காரரைப்போல் வாரியத்தின் இசைவாணைக்கு அவர் அலையவேண்டியதில்லை என்பது மெய். அமெரிக்காவிலும் 1977-இல் பாசனக் கழிவுநீருக்கு இத்தகைய விலக்கே அளித்தார்கள். ஆயினும் நமது 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாசுப்பொருளைத் தெரிந்தே நீரில் விடலாகாது என்று எவரையும் விலக்காமல் தடுக்கிறது. தற்சமயம் வறண்டு கிடக்கும் பள்ளமும், நிலத்தடி நீருங்கூட அதில் அடங்கும். மருந்து தெளித்த டேங்கைப் பள்ளத்தில் அலசுகிறவர் இதைக் கவனிக்கட்டும். இதைப் படித்தபின் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

மற்றவை அற்ப விஷயங்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்ட மிகும். ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை. தள்ளும் கழிவைத் தென்னைக்கு விட்டால் உப்பு அங்கேயே சேருகிறது. இயற்கை விவசாயம் என்று சொல்லிக் கிணற்றோரம் சாணிக்குழி வைத்திருப்பவர்களுக்கும் மேற்சொன்ன ரசாயனமே பொருந்தும்.

செய்யவேண்டியது பெரிதொன்றுமில்லை. யூரியாவைப் பங்கிட்டு இடுவது, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுவது, கடைமடையில் வழியவிடாமல் வாய் அடைப்பது. அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தில் 2024 ஆகஸ்டு முதல் பவானித் தண்ணீர் வரும் 1,045 குளங்குட்டைகளில் நம் பக்கத்துக் குட்டைகளும் உண்டு. அத்தனை பாடுபட்டு மேடேற்றிய தண்ணீரில் உரத்தை வழியவிடுவது அறிவீனம்.

கடைசியாக, என் பழைய புலம்பல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலியும், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் இருக்கின்றனவே, அவை மழை வெள்ளத்தை நிதானப்படுத்தி வண்டலையும், வண்டலோடு ஒட்டிச் செல்லும் மணிச்சத்தையும் நிறுத்திக்கொள்ளும்; நம்மவர்கள் ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். கரைந்த நைட்ரேட்டுக்கு வேலி ஒரு தடையல்ல என்பது எனக்கும் தெரியும், யாரும் கடிதம் எழுதிச் சொல்லவேண்டாம். கிளுவைக் கொம்பு வேண்டுவோர் மழைக்கு முன் வந்தால் வெட்டித் தருகிறேன்; யூரியா மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு வரவேண்டாம்.