மறைபரப்புப் பணி யாருடையது?



ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிறன்று நமது கோவில்களில் மறைபரப்புக் காணிக்கை எடுக்கப்படுகின்றது. பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1926இல் ஏற்படுத்திய நாள் இது. தூர தேசத்தில் யாரோ ஒரு குருவானவர் வேதம் போதிக்க நமது பணம் உதவும் என்ற திருப்தியோடு வீடு திரும்புகின்றோம். காணிக்கை தேவையானதே. ஆனால் அத்தோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோமானால், நம்முடைய முன்னோரின் வரலாற்றையே மறந்தவர்களாவோம்.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று பறைசாற்றப்பட்டது. கோவில்கள் ஒல்லாந்தரின் சபைக்குப் போயின. பிள்ளைகள் அவர்களுடைய பள்ளிக்குப் போகவேண்டியதாயிற்று. புனித யோசேவாஸ் அடிகளார் கோவாவிலிருந்து பிச்சைக்காரரின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். இடையில் 29 ஆண்டுகள்! அப்போது ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, தானும் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதை அடைந்துவிடும். ஆயினும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாக யாசித்துச் சென்ற அடிகளாரை, அந்த மாலையைக் கண்டு அடையாளம் கண்டுகொள்ள இங்கே கத்தோலிக்கர் இருந்தனர். சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடம் அழைத்து மறைத்து வைத்துக் காத்தனர்.

அந்த விசுவாசத்தைக் காத்தவர் யார்? பூசை இல்லை, பிரசங்கம் இல்லை, நமது பத்திரிகை போன்ற ஒன்றும் இல்லை. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் பாட்டிமாருமே காத்தனர். அடிகளாரும் இதை நன்கு உணர்ந்திருந்தார். ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்து, செபம் நடத்துவதையும் ஞானோபதேசம் படிப்பிப்பதையும் அவர்களிடம் ஒப்படைத்தார். திருச்சபை தன் இயல்பிலேயே மறைபரப்பும் தன்மையுடையது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எடுத்துரைத்ததை நம் முன்னோர் அதற்கு முன்னரே வாழ்ந்து காட்டியிருந்தனர்.

இன்று நமக்குக் குருக்கள் இருக்கிறார்கள், கோவில்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சுவாமியிடம் விட்டுவிட்டோம். பிள்ளையை மறைக்கல்விக்கு அனுப்பிவிட்டுத் தகப்பன் மதிலோரம் நின்று ஊர்க்கதை பேசுகின்றார். திருவிழாவில் சொரூபம் சுமக்க நான், நீ என்று போட்டி. கடைசி வாங்கில் புதிதாக வந்து அமர்ந்திருக்கும் குடும்பத்திடம் பெயர் கேட்க ஒருவருமில்லை.

உங்களை மட்டும் குறை கூற எனக்கு உரிமையில்லை. நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், மறைபரப்பு ஞாயிறன்று நீண்ட பிரசங்கம் செய்தேன். காணிக்கையும் நன்றாகவே சேர்ந்தது. சில நாட்களின் பின்தான், தனியாக வாழ்ந்த வயோதிபத் தாய் ஒருவர் மூன்று வாரமாகப் பூசைக்கு வரவில்லை என்பது என் கவனத்துக்கு வந்தது. போய்ப் பார்த்தேன். காலில் புண்ணோடு பாயில் கிடந்தார். பக்கத்து வீட்டுச் சைவப் பெண்மணி கஞ்சி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். “சுவாமி, உங்கட ஆட்களுக்குச் சொல்லியனுப்பவோ என்று இவவிட்டக் கேட்டனான். கரைச்சல் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. அந்த வீட்டில் அன்று யார் யாருக்கு நற்செய்தி அறிவித்தார்கள்?

1697இல் கண்டியில் அம்மைநோய் பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டு ஓடியபோது, யோசேவாஸ் அடிகளார் மதபேதம் பாராமல் அவர்களைத் தேடிச் சென்று கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கமும் செய்தார். மக்கள் அவரை அறிந்துகொண்டது அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் பிரசங்கம் எதுவும் செய்யாமல் ஒன்றை மட்டும் கேட்டேன்: உங்கள் ஒழுங்கையில் இன்று வராதவர் யார்? முதலில் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் ஒவ்வொரு பெயராக வந்தது, பதினொரு பெயர்கள். மரியாயின் சேனையினர் நால்வரை ஏற்றுக்கொண்டனர். மீதியை மறைக்கல்வி மாணவர்கள் கேட்டு வாங்கினர்.

அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சனிக்கிழமை மாலைகளில் இரு பிள்ளைகள் சென்று ஞாயிறு வாசகத்தை வாசித்துக் காட்டத் தொடங்கினர். பக்கத்து வீட்டுப் பெண்மணியும் திண்ணையில் இருந்து கேட்பாராம். கஞ்சி கொண்டுவருவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.