ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: வீட்டுச் சமையலறைக்குச் சில எளிய பாடங்கள்

மும்பைப் புறநகர்க் கிளையொன்றின் கடன் பிரிவில் நான் பணியாற்றியபோது, வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவர் பெரிய ஓவன் வாங்கக் கடன் கேட்டு வந்தார். ஒரு கிலோ கேக் 600 ரூபாய் வீதம் மாதம் நாற்பது கேக்குகள் விற்பதாகக் கூறினார். கணக்கைக் கேட்டபோது, மளிகைக் கடைச் சீட்டுகள் நிறைந்த ஓர் உறையை எடுத்து வைத்தார்.

"ஆர்டருக்குக் குறைவில்லை சார். மாதக் கடைசியில்தான் கையில் ஒன்றும் நிற்பதில்லை" என்றார்.

சற்று நேரம் பேசியதில் இரண்டு செய்திகள் தெரிய வந்தன. சில கேக்குகள் வறண்டோ நடுவில் அமுங்கியோ போய்விடுவதால் அவற்றை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. ஒரு கேக்கின் அடக்கவிலை என்ன என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அளக்காத பழக்கம். விற்பனைக்காகச் செய்வோருக்கு மட்டுமன்றி, வீட்டாருக்காகச் சமைப்போருக்கும் பயன்படும் என்பதால் அந்தப் பாடங்களை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. கப்பைவிட எடையே நம்பத்தக்கது

240 மில்லி கப்பில் மைதாவைக் கரண்டியால் மெதுவாக நிரப்பி மேற்புறத்தைச் சமன் செய்தால் ஏறத்தாழ 120 முதல் 125 கிராம் இருக்கும். அதே கப்பை மாவு டப்பாவில் அமிழ்த்தி அள்ளினால் 150 கிராம் வரை ஏறிவிடும். மூன்று கப் மாவு சேர்க்கும் செய்முறையில் 75 கிராம் வரை கூடிவிட வாய்ப்புண்டு. கேக் வறண்டு இறுகுவதற்கு அதுவே போதும்.

கிராம் கணக்கில் காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று சமையலறையில் இருப்பது நன்று. வெற்றுப் பாத்திரத்தை வைத்துச் சுழியப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒவ்வொரு பொருளாக அதே பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டே போகலாம். கழுவ வேண்டிய பாத்திரங்களும் குறையும். சோடா, உப்பு போன்ற மிகச் சிறிய அளவுகளை மட்டும் அளவுக் கரண்டியால் தலைதட்டி எடுக்க வேண்டும். சிறு கரண்டி என்பது 5 மில்லி, பெரிய கரண்டி என்பது 15 மில்லி. தேநீர் கலக்கும் கரண்டிகள் வீட்டுக்கு வீடு மாறுபடும்.

2. சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு

பேக்கிங் சோடா காரத்தன்மை உடையது. தயிர், மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருளோடு சேரும்போது வாயுவை வெளியிட்டு மாவை எழச் செய்கிறது. புளிப்பே இல்லாத மாவில் சோடாவைப் போட்டால் கேக்கில் சவர்க்காரச் சுவை தங்கிவிடும். பேக்கிங் பவுடரிலோ சோடாவும் அதற்கு வேண்டிய அமிலப் பொருளும் கலந்தே உள்ளன. பொதுவாக ஒரு கப் மைதாவுக்கு ஒரு சிறு கரண்டி பேக்கிங் பவுடர் அல்லது கால் சிறு கரண்டி சோடா போதுமானது.

பழைய டப்பாவைச் சோதித்துப் பார்ப்பது எளிது. அரைக் கரண்டி பேக்கிங் பவுடரை வெந்நீரில் இடுங்கள். சோடாவானால் எலுமிச்சைச் சாற்றில் இடுங்கள். உடனே நுரைத்துப் பொங்காவிட்டால் அதைப் பயன்படுத்த வேண்டா. முட்டையில்லாத கேக்குக்குத் தயிரும் சோடாவும் சேர்த்துக் கலக்கிய மாவைக் காத்திருக்க விடாமல் உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் எழுந்த வாயு வெளியேறிவிடும்.

3. திருகு காட்டும் வெப்பம் உண்மை வெப்பமாகாது

ஓவனின் திருகை 180 டிகிரியில் வைத்தாலும் உள்ளே அதே வெப்பம் இருக்கும் என்று கொள்ள இயலாது. ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று இந்த ஐயத்தைத் தீர்க்கும். பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். பாதி வெந்த நிலையில் கதவைத் திறந்து பார்ப்பதைத் தவிருங்கள். கேக் அமுங்குவதற்கு அது முக்கியமான காரணம். வெந்த கேக் முற்றிலும் ஆறிய பிறகே கிரீம் பூச வேண்டும்.

4. இரண்டு அங்குலத்தில் எவ்வளவு வேறுபாடு?

ஆறு அங்குல வட்டத் தட்டிலிருந்து எட்டு அங்குலத் தட்டுக்கு மாறும்போது, இரண்டு அங்குலம்தானே என்று பலர் விலையைச் சிறிதளவே கூட்டுகிறார்கள். ஆறு அங்குல வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். எட்டு அங்குலத்துக்கு ஏறத்தாழ 50. உயரம் ஒன்றாக இருந்தால், பொருள்கள் ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று அதிகமாகத் தேவைப்படும். பொருளுக்கான விலையும் அவ்வளவு உயர வேண்டும்.

5. அன்றாடச் சமையலுக்கு மூன்று குறிப்புகள்

பருப்பு வேகும்போதே புளியையோ தக்காளியையோ சேர்த்தால் வேகத் தாமதமாகும். அடுப்பு வீணாக எரியும். பருப்பு நன்றாகக் குழைந்த பிறகு புளிக்கரைசல் சேருங்கள்.

கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றை இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் பெரிதும் குறையும். ராஜ்மாவை ஊறிய நீரை வடித்துவிட்டுப் புதிய நீரில் நன்கு கொதிக்கவிட்டு, முழுமையாக வேகவைத்தே உண்ண வேண்டும். அரைவேக்காடு உடலுக்குத் தீங்கு.

மிஞ்சிய சோற்றை அடுப்படியில் நெடுநேரம் வைக்கக் கூடாது. சில நுண்ணுயிரிகளின் வித்துகள் கொதியிலும் அழியாமல் நின்று, அறை வெப்பத்தில் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு நீங்காது. இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

6. அடக்கவிலை

வணிகவியல் வகுப்பில் கற்ற பாடம் இங்கேதான் கைகொடுத்தது. அந்த வாடிக்கையாளரோடு அமர்ந்து போட்ட கணக்கு இது:

மூலப்பொருள்கள்: 260 ரூபாய்
சிந்துதல், வீணாதல் (5 விழுக்காடு): 13 ரூபாய்
மின்சாரம் (ஒன்றரை அலகு, அலகு 8 ரூபாய் வீதம்): 12 ரூபாய்
பெட்டி, அட்டை: 40 ரூபாய்
கொண்டு சேர்க்கும் செலவு: 50 ரூபாய்
சொந்த உழைப்பு (3 மணி நேரம், மணிக்கு 60 ரூபாய்): 180 ரூபாய்
மொத்தம்: 555 ரூபாய்

ஒரு கேக் 340 ரூபாய் தருகிறது என்று அவர் எண்ணியிருந்தார். மூலப்பொருளை மட்டும் கழித்துப் பார்த்ததன் விளைவு. உண்மையான இலாபம் 45 ரூபாய். ஒரு கேக் கெட்டுப்போய் மறுபடி செய்ய நேர்ந்தால் பொருள், மின்சாரம், உழைப்பு என 465 ரூபாய் போய்விடும். பத்து நல்ல கேக்குகளின் இலாபத்தை ஒரு கெட்ட கேக் விழுங்கிவிடும்.

மாதம் நாற்பது கேக்குகளுக்கு இலாபம் 1,800 ரூபாய். மூன்று கேக்குகள் கெட்டால் 1,395 ரூபாய் இழப்பு. தொழிலுக்கென மிஞ்சுவது 405 ரூபாய். அவருடைய உழைப்புக்கான கூலி வந்துகொண்டுதான் இருந்தது. அது வீட்டுச் செலவில் கரைந்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த நிலையில் ஓவனுக்குக் கடன் கொடுத்திருந்தால், தவணையை அவர் தம் கூலியிலிருந்துதான் கட்டியிருக்க வேண்டும். அதை அவரிடம் ஒளிவின்றிச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், ஆயினும் கணக்குத்தாளை மடித்து எடுத்துச் சென்றார்.

7. பதிவும் கடனும்

வீட்டில் செய்து விற்றாலும் அது உணவுத் தொழிலே. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 அதற்குப் பொருந்தும். 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கு எளிய பதிவுமுறையை வகுத்தன. நடப்பு வரம்பையும் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவெண் 14 இலக்கங்கள் கொண்டது. முட்டை சேர்ந்த கேக் நம் நாட்டு முகப்புச்சீட்டு விதிகளின்படி அசைவம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கடன் தேவைப்படுவோருக்கு 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டம் உண்டு. அதன் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரையும், 'கிஷோர்' பிரிவில் அதற்கு மேல் 5 இலட்சம் ரூபாய் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். விண்ணப்பத்தோடு ஆறு மாத வரவு செலவுக் கணக்கு இருந்தால் அதிகாரியின் பணியும் உங்கள் பணியும் எளிதாகும். விற்பனைத் தொகை முழுவதையும் தனிச் சேமிப்பிலோ நடப்புக் கணக்கிலோ செலுத்தி வாருங்கள். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து கூலியாக ஒரு தொகையை மட்டும் எடுங்கள்.

ஆறு மாதம் கழித்து அந்த வாடிக்கையாளர் மீண்டும் வந்தார். இம்முறை கையில் உறை இல்லை. கோடிட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது. தராசு ஒன்றும் வெப்பமானி ஒன்றும் வாங்கியிருந்தார். விலையை 700 ரூபாய் ஆக்கியதால் ஆர்டர்கள் முப்பதாகக் குறைந்திருந்தன. ஆயினும் கேக் ஒன்றுக்கு 145 ரூபாய் வீதம் மாதம் 4,350 ரூபாய் மிஞ்சியது. கடைசி இரண்டு மாதங்களில் ஒரு கேக்கும் கெடவில்லை என்று எழுதி வைத்திருந்தார். முன்பு கேட்டதில் பாதித் தொகைதான் கேட்டார். அந்த விண்ணப்பத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைத்தேன்.