சிறையைப் பெருசாக்கினால் போதுமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா மூன்று வாரமாக வரவில்லை, சேமிப்பும் கட்டவில்லை. ஏன் என்று கேட்டோம். "மகன் திருட்டுக் கேஸ்ல உள்ள இருக்கான். எந்த முகத்தோட வருவாங்க?" என்றார் ஊக்குநர். "ஜெயிலை இன்னும் பெருசா கட்டணும், அப்பத்தான் பயம் வரும்" என்றார் இன்னொரு உறுப்பினர். அதையே அன்றைக்குப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடமோ சுமார் 4,36,000 பேருக்குத்தான். இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நாலு பேரில் மூணு பேருக்குத் தீர்ப்பே ஆகவில்லை! ஜாமீன் கிடைத்தும், பணம் கட்ட வழியில்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. புதுக் கட்டடம் கட்டினால் இது மாறுமா?

சட்டம் தரும் வழிகள்

* பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு (1987 சட்டம்). கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேட்கலாம். போன்: 15100.
* 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, முதல் தடவை வழக்கில் சிக்கியவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மூன்று வருடத் தண்டனைக்குரிய திருட்டு என்றால், ஒரு வருடம். வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலோ, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் என்றாலோ இது பொருந்தாது.
* ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழைக் கைதிக்கு ரூ.40,000 வரை உதவ 2023-ல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. மாவட்டக் குழு விசாரித்து முடிவு செய்யும்.

வெளியே வந்த பிறகு?

தப்பு செய்தவருக்குத் தண்டனை வேண்டும்தான். பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும். ஆனால் தண்டனை முடிந்தால் அவர் நம் தெருவுக்குத்தானே வருவார்? புழலில் 2023-ல் பெண் சிறைவாசிகளே வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க் திறந்தார்கள். உள்ளே தொழில் கற்றவருக்கு வெளியே யாரும் வேலை தராவிட்டால், கற்றது என்னத்துக்கு?

கூட்டம் முடிந்து ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் அந்த அக்கா வீட்டுக்குப் போனார்கள். மகனுக்கு வக்கீல் இருக்கிறாரா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் கூடவே போய் மனு கொடுக்க வைத்தார்கள். அடுத்த வாரம் அக்கா கூட்டத்துக்கு வந்தார்.

குழுவில் பேசுங்கள்

1. நம் ஊரில் இப்படி ஒதுங்கிப்போன குடும்பம் உண்டா?
2. சிறையிலிருந்து வந்தவருக்கு வேலை தர நாம் தயாரா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.