கத்திரி வெயிலும் மாடிச் செடியும்

கத்திரி பிறந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, தக்காளிப் பூவெல்லாம் கொட்டுது. கறிவேப்பிலை கருகுது. என்ன பண்றது?" செடி வாங்குகிற அன்றைக்கு மட்டும் ஒருத்தியும் என்னைக் கேட்பதில்லை. போகட்டும். அடுப்படிக்கும் ஆபீசுக்கும் நடுவில் உனக்கு மாடியேறக் கிடைப்பது பத்து நிமிஷம். அதற்குள் ஆகிற காரியத்தை மட்டும் சொல்கிறேன். நான் இருப்பது சென்னையில், அதனால் சென்னை வெயிலை வைத்தே சொல்கிறேன்.

1. காலண்டரைப் பார்த்து நிழல்வலையை அவிழ்க்காதே. கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். "கத்திரி கழிஞ்சாச்சு, இனி பயமில்லை" என்று அம்மா காலத்திலிருந்து சொல்கிறோம். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி கொளுத்தியது 2003-ல், மே 31-ஆம் தேதி. கத்திரி கழிந்த பிறகு! அதனால் ஜூன் பாதி வரை வலை இருக்கட்டும். 50 சதவீத நிழல் தருகிற பச்சை வலை போதும். அதை ஆளுயரத்துக்கு மேலே கட்டு. செடியின் தலையில் இடிக்கிற மாதிரி தாழக் கட்டினால் அடியில் அனல் தேங்கி, வலை இல்லாததைவிட மோசமாகிவிடும்.

2. தேதியைவிடக் காற்றைக் கவனி. பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் கடற்காற்று வந்துவிட்டால் செடிகள் தப்பித்தன. மேற்கிலிருந்து அனல்காற்று அடித்துக்கொண்டே இருந்து, கடற்காற்று உள்ளே வர மூன்று மணியாகிவிட்டால், அன்றைக்குத்தான் சூடு உச்சத்துக்கு ஏறும். கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே தெரியும். மேற்குக் காற்று நாளில் சின்னத் தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்திவிட்டுப் போ. இரண்டு நிமிஷ வேலை.

3. தண்ணீர். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறீர்கள்.

ஒரு வருஷம் அவசரமாக வந்து, மத்தியானம் ஹோஸ் பைப்பைத் திறந்து நேராகக் கறிவேப்பிலைக் கன்றின் தூரில் பிடித்தேன். வெயிலில் கிடந்த பைப்புக்குள் இருந்தது தண்ணீர் இல்லை, ரசம் வைக்கிற சூடு. காலில் தெறித்த பிறகுதான் துள்ளினேன். கன்று நாலே நாளில் இலையை உதிர்த்துவிட்டது. அன்றிலிருந்து முதல் அரை வாளியைப் பிடித்து ஓரமாக வைத்துவிடுவேன், ஆறினதும் அதையும் ஊற்றிக்கொள்ளலாம்.

"மத்தியானம் தண்ணி விட்டா, துளி லென்ஸ் மாதிரி வெயிலைக் குவிச்சு இலையைப் பொசுக்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-ல் எழுதினார்கள். வழவழப்பான இலையில் துளி அப்படிப் பொசுக்குவதில்லையாம். அதற்காக மத்தியானம் ஊற்றலாம் என்று நான் சொல்லவில்லை. ஊற்றினதில் கொஞ்சம் ஆவியாகிப் போகும், உனக்கும் தலைவலி வரும். காலை ஏழு மணிக்குள் ஊற்று. முடியாவிட்டால் சாயங்காலம் தரைச்சூடு இறங்கினதும் ஊற்று.

மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குகிறதே என்று பதறி ஒரு வாளியைக் கவிழ்க்காதே. ஆறு மணிக்குத் தானே நிமிர்ந்துகொள்ளும். காலையிலும் தொங்கினால்தான் கவலை. அப்போதும் முதலில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார். உள்ளே ஈரம் இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது. கோடையில் காய்ந்து போன செடிகளுக்குச் சமமாக, பாசத்தில் மூழ்கிப் போன செடிகளும் உண்டு.

ஏசி தண்ணீரைச் சேர்த்து ஊற்றலாம், அதில் உப்பில்லை. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் மட்டும் வேண்டாம். உப்பு மண்ணிலேயே தங்கி இலை நுனியைக் கருக்கும். அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்.

4. மண்ணை மொட்டையாக விடாதே. காய்ந்த சருகோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் பரப்பு. தூரை ஒட்டிக் குவிக்காதே, தண்டு அழுகும். செடிப் பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்று. வேருக்கு அடியிலிருந்தும் சூடு ஏறும்.

5. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் மழை என்பார்கள். தரையில் அப்படி இருக்கலாம். உன் செம்பருத்தியில் சாரை சாரையாக எறும்பு ஏறினால் வானத்தைப் பார்க்காதே, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி இருக்கும். அது கசியும் இனிப்புக்குத்தான் இந்த ஊர்வலம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடி. போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளி. சாயங்காலம் மட்டும். வெயிலில் தெளித்துவிட்டு "அக்கா, இலை பொசுங்கிடுச்சு" என்று வராதே.

6. தட்டான் தாழப் பறக்கிறது, மழை வரும் என்று தண்ணீர் விடாமல் இருந்துவிடாதே. வந்தாலும் கோடை மழை பத்து நிமிஷம் தடதடவென்று அடித்துவிட்டு ஓடிவிடும். மேல்மண் நனைந்து வாசம் வரும், நீயும் ஜன்னலருகே காபியோடு நின்றுவிடுவாய். விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே புழுதி. அடர்ந்த இலைகளே குடை மாதிரி நின்று தண்ணீரைப் பைக்கு வெளியே வழித்துவிடும். தட்டானை விரட்டாதே, கொசுவைத் தின்னும்.

7. தக்காளியைத் திட்டாதே. பகலில் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. வேர் தவிக்கும்போது உரமே வேண்டாம், மழை வரட்டும். இப்போது ஏதாவது காய்க்க வேண்டும் என்றால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. மல்லிகைக்கு இதுதான் சீசன், வெயில் ஏற ஏறப் பூக்கும். அதன் மேல் வலை கட்டிக் கெடுத்துவிடாதே.

8. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடாதே, கொசு முட்டையிடும். குருவிக்கு வைக்கிற கிண்ணத்தையும் தினம் கழுவி மாற்று.

புது விதைக்கு ஆசைப்படுகிறாயா? ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்களே, அந்தப் பழமொழியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பு. ஆடி பிறக்க ஜூலை நடுவாகும். அதுவரை விதைப் பாக்கெட்டை டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வை. இப்போது மேலே போ, பைப்பில் இருக்கிற சுடுதண்ணீரை முதலில் வாளியில் பிடி.