எங்கள் லேத் ஏன் கத்தியது?

சுவர்ப் பத்திரிகை அறிவியல் பகுதிக்கு எழுதித் தரச் சொன்னதும் நானும் சூரியக் குடும்பம் பற்றித்தான் எழுதலாம் என்று இருந்தேன். "அதை ஏற்கனவே நாலு பேர் குடுத்துட்டாங்க. உங்க வீட்டு லேத்தைப் பத்தி எழுதும்மா" என்று சார் சொன்னார். அதனால் இந்தக் கட்டுரை.

லேத் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாங்காயைச் சுற்ற விட்டு, கத்தியை ஒரே இடத்தில் பிடித்தால் தோல் சுருளாக உரியும் அல்லவா? லேத்தும் அதே வேலைதான் செய்கிறது. சக் என்பது இரும்புக் கம்பியைக் கவ்விக்கொண்டு சுற்றும் பிடி. கம்பியை 'ஜாப்' என்பார்கள். வெட்டும் கத்திக்கு 'டூல்' என்று பெயர். டூலைப் பிடித்திருக்கும் கட்டைக்கு டூல் போஸ்ட் என்று பெயர். அதற்குக் கீழே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுகள் இருக்கும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செட் வேலை நிறைய. எங்கள் வீட்டு முன்சாளையில் இருப்பது நாலரை அடி லேத், என்னைவிட வயதில் மூத்தது. அப்பா அதில் மோட்டார் ஷாஃப்ட் கடைகிறார். போன மாதம் கொடுத்த 60 ஷாஃப்ட்டில் 11 திரும்பி வந்துவிட்டது. மேலே வரி வரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வெட்டும்போது லேத் 'கீ...' என்று கத்தும். தெருமுனை வரைக்கும் கேட்கும். பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன், "மெயின் பேரிங் போயிடுச்சுங்க. கழட்டி மாட்ட ஒம்பதாயிரம் ஆகும், மூணு நாள் ஓட்ட முடியாது" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அம்மா தோட்டைக் கழற்றிச் சின்னப் பையில் போட்டு வைத்தாங்க. அடகுக் கடைக்கு என்று எனக்குப் புரிந்தது.

அந்த வாரம்தான் வகுப்பில் ஒலி பாடம் நடந்தது. ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வோ அதுதான் அதிர்வெண் என்று சார் நடத்தினார். கத்துகிற லேத்துக்கும் அதிர்வெண் இருக்கத்தானே வேண்டும்? திரும்பி வந்த ஷாஃப்ட் ஒன்றில் பேப்பரைச் சுற்றி, மேலே பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். நாணயத்தைத் தேய்த்துப் படம் எடுப்போமே, அதே மாதிரி. வரிகள் தெளிவாக விழுந்தன. ஒரு சுற்றுக்கு 30 வரி. அதைக் கடையும்போது லேத் நிமிடத்துக்கு 480 சுற்று, அதாவது வினாடிக்கு 8. எட்டு முப்பது 240. லேத் வினாடிக்கு 240 தடவை நடுங்கியிருக்கிறது!

பெல்ட்டை மாற்றி 300 சுற்றில் ஒரு துண்டு கடைந்து தரச் சொன்னேன். (மெஷினை ஓட்டுவது எப்போதும் அப்பாதான். மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் நான் தொடுவேன். அப்பவும் சடையை மடித்துக் கட்டி, துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கிட்டவே போகணும்.) இந்தத் தடவை 48 வரி. வினாடிக்கு 5 சுற்று என்றால் அதே 240!

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? பேரிங்கில் அடிபட்டிருந்தால், ஒரு சுற்றுக்கு அது எத்தனை தடவை தட்டுமோ அந்த எண்ணிக்கை வேகத்தோடு மாறாது. மெதுவாகச் சுற்றினாலும் 30 வரிதான் விழணும், சத்தம் மட்டும் கட்டையாகணும். எங்கள் லேத்தில் சத்தம் அப்படியே இருக்க, வரி எண்ணிக்கைதான் மாறியது. எதுவோ ஒன்று ஸ்கேலை மேஜை ஓரத்தில் வைத்துத் தட்டினது போலத் தன் சொந்த அதிர்வெண்ணில் நடுங்குகிறது என்று அர்த்தம்.

ஏன் நிற்காமல் நடுங்குகிறது? மண் ரோட்டில் முதல் லாரி சின்னப் பள்ளம் போடும். அடுத்த லாரி அதில் விழுந்து துள்ளி இன்னும் ஆழமாக்கும். டூல் ஒரு தடவை அதிர்ந்தால் ஜாப்பில் மேடு பள்ளம் விழும். அடுத்த சுற்றில் அதன் மேலேயே வெட்ட வேண்டும். மேட்டில் சுருள் கனமாக வரும், பள்ளத்தில் மெலிசாக வரும். அதனால் விசை ஏறி இறங்கி டூலை மறுபடியும் ஆட்டும். அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் உலோகம் வெட்டுவதை 26 ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரே இந்த நடுக்கத்தைப் பெரிய புதிர் என்று 1907-இல் எழுதியிருக்கிறார் என்று சார் சொன்னார். நான் மட்டும் குழம்பவில்லை என்று ஒரு நிம்மதி.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். "சரி அம்மிணி, பேரிங் அடிபடல. ஆனா தேஞ்சு லூசாகியிருக்கலாமில்ல?" சரியான கேள்வி. பக்கத்துப் பட்டறையில் டயல் கேஜ் இரவல் வாங்கினோம். அதில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். கேஜ் முனையைச் சக்கின் தலையில் வைத்து, சக்கில் ஒரு மரக்கட்டையைக் கவ்வி அப்பா மேலே நெம்பினார். முள் ஒன்றரைக் கோடுதான் நகர்ந்தது. "இது போதும், பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. அடுத்து கேஜை டூல் போஸ்ட்டில் வைத்து நெம்பினோம். 14 கோடு! ஆட்டம் இந்தப் பக்கம்தான்.

கைப்பிடியைச் சுற்றினால் கால் சுற்று வெறுமனே சுற்றியது. அதுதான் குற்றவாளி என்று நான் குதித்தேன். அது தப்பு. அது திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, பேக்லாஷ். எப்போதும் ஒரே பக்கமிருந்து சுற்றி அளவு வைத்தால் அதைச் சமாளிக்கலாம். டூல் போஸ்ட்டையே ஆட்டிவிடுவது ஸ்லைடின் ஆட்டம்.

எந்த ஸ்லைடு என்று கண்டுபிடிக்க அப்பா காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பாகம் சேரும் கோட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு டூல் போஸ்ட்டை அசைக்கணும். லூசாக இருந்தால் எண்ணெய் உள்ளே போய் வெளியே வரும், மூச்சு விடுவது போல. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் எண்ணெயில் தெரியும். விரலைக் கோட்டின் மேல் வைத்தாலும் உணரலாம். கீழ் ஸ்லைடில் எண்ணெய் அசையவில்லை. மேல் ஸ்லைடில் மூச்சு வாங்கியது.

அந்த ஸ்லைடின் பக்கவாட்டில் ஜிப் என்ற ஒல்லியான பட்டை இருக்கும். தேய்மானத்தால் வரும் இடைவெளியை மூடத்தான் அது. எங்களுடையதில் மூன்று திருகு, மூன்றுக்கும் பூட்டு நட்டு. நட்டைத் தளர்த்தி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கைப்பிடி லேசாகக் கனக்கும்போது நிறுத்தி, திருகு கூடச் சுற்றிவிடாமல் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்டணும். ஒரேயடியாக முடுக்கக் கூடாது. ஸ்லைடு அதிகம் ஓடும் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நடுவில் வைத்து இறுக்கினால் ஓரத்துக்குப் போனதும் மாட்டிக்கொள்ளும். முதல் தடவை எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. இரண்டாம் தடவை 14 கோடு 2 கோடாக இறங்கியது.

கத்தல் பாதி குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம் பார்த்தால் டூல் 40 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை 20 ஆக்கினோம். பாதி நீளம் என்றால் வளைவும் பாதி என்று நினைக்காதீர்கள். எட்டில் ஒரு பங்கு! 30 செ.மீ. இரும்பு ஸ்கேலில் சோதித்தேன். மேஜைக்கு வெளியே 10 செ.மீ. நீட்டி, நுனியில் 100 கிராம் தொங்கவிட்டால் ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்தது. 20 செ.மீ. நீட்டினால் 12 மில்லிமீட்டர். உங்கள் ஸ்கேலின் கனத்தைப் பொறுத்து அளவு மாறலாம், ஆனால் எட்டு மடங்கு மாறாது.

டூலின் உயரமும் ஜாப்பின் மையத்துக்கு நேராக இருக்கணும். நிற்கும் ஜாப்புக்கும் டூல் முனைக்கும் நடுவில் சின்ன ஸ்கேலை மெதுவாக நெருக்கினால் அது நேராக நிற்க வேண்டும். மேல்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்வு. எங்களுடையது சாய்ந்தது. உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒரு துண்டை அடியில் வைத்ததும் நிமிர்ந்தது. கத்தலுக்குப் பயந்து அப்பா ஃபீடை ரொம்பக் குறைத்திருந்தார். அதைச் சற்றே கூட்டியதும் டூல் உரசுவதை விட்டுவிட்டு வெட்டத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் ஷாஃப்ட் இறங்கியது. அம்மா சமையலறையிலிருந்து வந்து, "ஏனுங்க, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாங்க. அவ்வளவு அமைதி. ஷாஃப்ட்டின் நடுவில் இன்னும் லேசாக வரி தெரிகிறது. நீளக் கம்பி நடுவில் வளைகிறது, அதனால் அங்கே அப்பா மெலிசாக வெட்டுகிறார். அடுத்த 60-இல் ஒன்றும் திரும்பி வரவில்லை. தோடு அம்மா காதில்தான் இருக்கிறது.

ஸ்கேல் சோதனை செய்ய விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். 100 கிராம் எடைக்கல் ஆய்வகத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரணும்.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி