வெற்றி விகிதம்: ஒரு கால்பந்துக் கணக்கு

பயிற்சியாளரின் திறமையை அளக்க வெற்றி விகிதம் ஓர் அளவுகோல். வெற்றிகளை மொத்த ஆட்டங்களால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். சமநிலை என்றால் அரை வெற்றி. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் (அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம்) நோட்ர டேம் பயிற்சியாளர் நூட் ராக்னி 1918 முதல் 1930 வரை கண்டவை 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. 107.5 ÷ 122 = 88.1 சதவீதம்.

இனி நம் நாட்டுக் கால்பந்து. ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் மூன்று போட்டிகள்:

1951 டில்லி ஆசிய விளையாட்டு: 3 ஆட்டம், 3 வெற்றி, 100 சதவீதம்.
1956 மெல்போர்ன் ஒலிம்பிக்: 3 ஆட்டம், 1 வெற்றி; 33.3 சதவீதம்.
1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு: 5 ஆட்டம், 4 வெற்றி; 80 சதவீதம்.

மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 71.1 வரும். இது தவறு. ஆட்டங்களின் எண்ணிக்கை சமமல்லவே! 8 ÷ 11 = 72.7 என்பதே சரி.

சதவீதம் சொல்லாததும் உண்டு. மெல்போர்னின் அந்த ஒரே வெற்றியில், பம்பாயில் ஆடிய நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். இந்தியா அரையிறுதி கண்டு நான்காமிடம் பெற்றது. ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோற்ற அணி, இறுதியாட்டத்தில் அதே அணியை 2-1 என வென்று தங்கம் பெற்றது. தலைக்காயத்துடன் ஆடிய தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றியிருந்தார். அவரும் ஒரு கோல் அடித்தார். புற்றுநோயால் ரஹீம் 1963-இல் மறைந்தார்.

குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி: ஒரு தேர்வில் 20-க்கு 18, மறு தேர்வில் 100-க்கு 60. மொத்தச் சதவீதம் என்ன? 75 அல்ல, 65. ஏன் என்று பெற்றோரிடம் விளக்குங்கள்.